தாத்தாவின் டிரங்குப் பெட்டியை ஸ்கேன் செய்யக் கொடுத்த கதை: திருச்சிக் கடை ஒன்றின் விமர்சனம்

வீட்டுப் பரணில் பழைய கட்சிப் பத்திரிகை, நோட்டீஸ், நன்கொடை ரசீது என்று எதையாவது வைத்துக்கொண்டு, தூக்கிப் போடவும் மனம் வராமல் என்ன செய்வதென்றும் தெரியாமல் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கொடுத்தது திருச்சியில் இருக்கிற சின்னக் கடை. நாலு பேர் வேலை செய்கிறார்கள். குறையும் சொல்லப்போகிறேன், அதனால் கடைப் பெயரைப் போடவில்லை. மொத்தமாகப் பார்த்தால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதுதான் இதில் பெரிய பகுதி.

முதலில் பெட்டியைப் பற்றி. தாத்தா லால்குடி பக்கத்தில் ஒரு கிராமத்தில் தையற்காரர், கிட்டத்தட்ட 45 வருடம் திமுக கிளைச் செயலாளர். 2011இல் இறந்துபோனார். போன ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, பரணில் இருந்த டிரங்குப் பெட்டியின் ஒரு மூலை நனைந்துவிட்டது என்று அப்பா போன் செய்தார். போய்த் திறந்தால் ஒரு பக்கம் கரையான், ஒரு பக்கம் பூஞ்சை, நடுவில் பிழைத்தது 'திராவிட நாடு', 'நம் நாடு', 'முரசொலி' இதழ்கள், மாநாட்டு மலர்கள், ஒன்றரை அணா நோட்டீஸ்கள், உறுப்பினர் சந்தா ரசீதுக் கட்டு, தையல் அளவு எழுதுகிற நோட்டு மூன்று. அந்த நோட்டுகளில் முன்பக்கம் மார்பு இடுப்பு கை நீளம், பின்பக்கம் கிளைக் கணக்கு.

பக்கத்துக்கு 5 ரூபாய் என்றார்கள். மொத்தம் 1,900 பக்கத்துக்கு மேல் வந்தது, அதில் ஏழு தொகுதி காலிகோ பைண்டிங், பென் டிரைவ், ஒரு எக்செல் அட்டவணை எல்லாம் சேர்த்து 13 ஆயிரத்துச் சொச்சம். பாதி அட்வான்ஸ். மூன்று வாரம் என்று சொல்லி ஆறு வாரம் ஆக்கினார்கள், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

நியூஸ்பிரிண்ட் எழுபது வருடம் ஆனால் அப்பளம் மாதிரி ஆகிவிடும், மடிப்பைத் தொட்டால் உடைந்து கையோடு வரும். அங்கே இருக்கிற பெண் (24 வயதுதான் இருக்கும், வரலாறு படித்தவளாம்) விரலால் ஒரு தாளையும் புரட்டவில்லை. பழைய தபால் அட்டை ஒன்றை வைத்திருக்கிறாள், அதைத் தாளுக்கு அடியில் மெதுவாக நுழைத்து, முழுத் தாளும் அட்டையின் மேல் படுத்த பிறகு திருப்புகிறாள். மேலிருந்து படம் எடுக்கிற ஸ்கேனர், கண்ணாடி வைத்து அமுக்குவதில்லை. பக்கம் உடைந்தால் அந்தத் துண்டை ஒரு கவரில் போட்டுப் பக்க எண்ணை எழுதி வைக்கிறாள். ஜெராக்ஸ் கடையில் கொடுத்திருந்தால் பாதிப் பெட்டி அன்றைக்கே தூளாகியிருக்கும். இந்தப் பொறுமைக்கு மட்டும் தனியாக ஐந்துக்கு ஐந்து.

படத்தின் தரமும் நன்றாக இருக்கிறது. 400 டிபிஐயில் எடுத்திருக்கிறார்கள், கைபேசியில் பெரிதாக்கினால்கூடப் புள்ளி எழுத்து தெரிகிறது. எழுத்துணரி போட்டுத் தேடுகிற வசதியும் தருகிறோம் என்றார்கள், அது சுமார்தான். 1978இல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் அச்சானவைதான் இவற்றில் பெரும்பாலானவை, துதிக்கை வைத்த லை, ணை, சுழித்த றா, னா எல்லாம் வரும்போது மென்பொருள் தடுமாறிவிடுகிறது. 'தலைவர்' என்று தேடினால் பாதி கிடைக்காது. அது கடையின் தப்பில்லை, ஆனால் காசு வாங்கும்போது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

இப்போது குறைகள். முதல் குறை, ஓரம் வெட்டியது. ஸ்கேன் ஆன படங்களை மென்பொருள் தானாக நறுக்கி, அச்செழுத்து இருக்கிற கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை ஒதுக்கிவிட்டது. முதல் தொகுதி பிடிஎஃபைத் திறந்து பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தாத்தா எழுதியது முழுக்க ஓரத்தில்தான். துணியில் குறி போடுகிற பென்சிலால் பத்திரிகை ஓரத்தில் எழுதுகிற பழக்கம் அவருக்கு, யார் கூட்டத்துக்கு வந்தார்கள், யார் எவ்வளவு கொடுத்தார்கள், தனக்கு என்ன தோன்றியது என்று. அச்சில் இருப்பது எந்த நூலகத்திலாவது கிடைக்கும், ஓரத்தில் இருப்பது எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

உதாரணம் சொல்கிறேன். பெட்டியில் இருப்பதிலேயே பழையது 1949ஆம் வருட நோட்டீஸ் ஒன்று. அந்த ஜூலையில்தான் பெரியார் மணியம்மையைத் திருமணம் செய்தார். திராவிடர் கழகத்துக்கும் அதன் சொத்துக்கும் வாரிசு யார் என்பதை ஒருவர் தன் வீட்டுக்குள் முடிவு செய்யலாமா என்று கேட்டுத்தான் அண்ணாவும் மற்றவர்களும் வெளியே வந்தார்கள். செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்தநாள் அன்று, சென்னை பவளக்காரத் தெருவில் திமுக பிறந்தது. ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழையில் நடந்த தொடக்கக் கூட்டத்தைப் பற்றி எல்லோரும் படித்திருப்பீர்கள். தலைவர் பதவியைப் பெரியாருக்காகக் காலியாக வைத்துவிட்டு அண்ணா பொதுச்செயலாளராக மட்டும் இருந்தார். அந்த நோட்டீஸ் ஓரத்தில் தாத்தா எழுதியிருப்பது, "ஐயாவை விட்டு வந்தது சரிதானா? ராத்திரி தூக்கம் இல்லை." கடைக்காரர் கொடுத்த பிடிஎஃபில் இந்த வரி இல்லை.

சொன்னவுடன் மறுபேச்சு பேசாமல் திரும்ப எடுத்துக் கொடுத்தார்கள், கூடுதல் காசு கேட்கவில்லை, அதற்கு நன்றி. நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் முதலிலேயே "ஓரத்தை வெட்டாதீர்கள், முழுத் தாளும் வேண்டும்" என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அட்டவணை. ஒவ்வொரு பக்கத்துக்கும் யாரைப் பற்றியது என்று ஒரு தலைப்புப் போட்டிருந்தாள் அந்தப் பெண். தலைப்புகள்: அண்ணா, கலைஞர், ஸ்டாலின், எம்.ஜி.ஆர், இதர. அந்த 'இதர'வைத் திறந்து பார்த்தேன். ஈ.வெ.கி.சம்பத், நெடுஞ்செழியன், மதியழகன், என்.வி.நடராசன் எல்லோரும் அதற்குள் இருந்தார்கள்.

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. கட்சி தொடங்கியபோது அண்ணாவோடு சேர்த்து இந்த நாலு பேரையும்தான் ஐம்பெரும் தலைவர்கள் என்றார்கள். அந்த ஐவரில் கலைஞர் இல்லை. அவருக்கு அப்போது 25 வயது. என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தாத்தா வைத்த பெயர்கள் இந்த ஐவரில் இரண்டு பேருடைய பெயர்கள். சித்தப்பாவுக்கு வைத்தது 1961இல் கட்சியை விட்டுப் போன சம்பத்தின் பெயர், பெயரை மாற்று என்று ஊரில் சொன்னார்களாம், பிள்ளை என்ன செய்தான் என்று தாத்தா விட்டுவிட்டாராம். இப்படி வீட்டுக்கு வீடு புழங்கிய பெயர்கள் இரண்டு தலைமுறைக்குள் 'இதர' ஆகியிருக்கின்றன. வரலாறு படித்த பெண்ணுக்கே தெரியவில்லை என்றால் அவளுக்கு அதை யார் சொன்னார்கள், எங்கே சொன்னார்கள்?

நான் இதைச் சொன்னதும் அவள் கணினியை என் பக்கம் திருப்பி, "அக்கா, நீங்களே சொல்லுங்க, நான் மாத்தறேன்" என்றாள். எனக்கும் முழுக்கத் தெரியாது. அடுத்த இரண்டு நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். அப்பாவுக்கு 68 வயது, அவளை "கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகச் சொன்னார். அந்த இரண்டு நாளும் நான் பக்கத்தில் இருந்து கேட்டதுதான் இந்தச் சேவையில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், ரசீதில் அது இல்லை.

1953 நோட்டீஸ் வந்தது. டால்மியாபுரம் என்று இருந்த பெயரைக் கல்லக்குடி என்று மாற்றச் சொல்லிக் கலைஞர் தண்டவாளத்தில் தலை வைத்த போராட்டம். எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். தாத்தா படுக்கவில்லை, கூட்டத்தில் நின்றார், போலீஸ் சுட்டதும் ஓடினார், அவ்வளவுதான். ஓரத்தில், "சைக்கிள் போச்சு. சலவைக்கார மாமா வீட்டுக்கு மூன்று ரூபாய் கொடுக்கணும், கை உடைந்திருக்கு." கலைஞர் சிறைக்குப் போனது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. மாமாவின் கை இங்கே மட்டும்தான்.

அப்புறம் 1956 மே, திருச்சி மாநில மாநாடு. தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்று மாநாட்டுக்கு வந்த தொண்டர்களிடமே பெட்டி வைத்து வாக்குக் கேட்டார்கள். கீழே இருக்கிறவனைக் கேட்டு எடுத்த முடிவு அது. வேண்டும் என்று பெரும்பாலானவர்கள் போட, அடுத்த வருடமே 15 பேர் சட்டசபைக்குப் போனார்கள், குளித்தலையிலிருந்து கலைஞர் உட்பட. அதே திருச்சியில்தான் "தம்பி வா, தலைமையேற்க வா" என்று அண்ணா நெடுஞ்செழியனை அழைத்தார். தான் உயிரோடு, முழு செல்வாக்கோடு இருக்கும்போதே பொதுச்செயலாளர் பொறுப்பை இன்னொருவருக்குக் கொடுத்தார். இதை அப்பா சொல்லும்போது அந்தப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, "நெஜமாவா அப்பா? அவருக்கு அவர் சொந்தமா?" என்றாள். சொந்தம் இல்லை என்று அப்பா சொன்னதும் குறித்துக்கொண்டாள்.

அதற்காக அண்ணா காலத்தில் உறவு என்பதே கட்சிக்குள் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். 1967இல் அண்ணா முதலமைச்சர் ஆனதும் காலி செய்த தென்சென்னை எம்.பி தொகுதியில் நின்று ஜெயித்தவர் முரசொலி மாறன், கலைஞரின் அக்கா மகன். அவர் எழுதத் தெரிந்தவர், உழைத்தவர், அதையும் சொல்ல வேண்டும்.

1969 பிப்ரவரி 3 அண்ணா மறைவு. ஒரு வாரத்தில் கலைஞர் முதலமைச்சர். அந்த ஜூலையில், 20 வருடமாகக் காலியாக இருந்த தலைவர் பதவியில் உட்கார்ந்தார். இந்த இடத்தில் நான் கலைஞருக்கு முழு மதிப்புக் கொடுக்கிறேன். திருக்குவளையில் பிறந்து, 1942இல் துண்டறிக்கையாக முரசொலியைத் தொடங்கி, யாருடைய மகனாகவும் இல்லாமல், ஐவரில் ஒருவராகக்கூட இல்லாமல் அந்த இடத்துக்கு வந்தவர். ஏற்கெனவே இருந்த மூத்தவர்களைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. கட்சியில் அப்படி வர முடிந்தது என்பதுதான் அன்றைய திமுகவின் பெருமை. 2018 ஆகஸ்டில் அவர் இறக்கும்வரை அந்தப் பதவியில் அவர்தான்.

1972 கட்டைத் திறக்கும்போது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. எம்.ஜி.ஆர் கட்சிக் கணக்குக் கேட்டு, அக்டோபரில் நீக்கப்பட்டு, தனிக்கட்சி தொடங்கியபோது எங்கள் ஊர்க் கிளை பாதியாக உடைந்தது. அப்பாயியின் அண்ணன் எம்.ஜி.ஆரோடு போனார், அதன்பிறகு பத்து வருடம் இரண்டு வீட்டுக்கும் பொங்கல் வரிசை நின்றுபோனது. அந்த மாத முரசொலி ஓரத்தில் கட்சியைப் பற்றி ஒன்றுமே இல்லை, "மச்சான் இன்றைக்கும் வரவில்லை" என்று மட்டும் இருக்கிறது.

பெட்டியிலேயே விலைமதிப்பில்லாதது எது என்று கேட்டால் 1976 பிப்ரவரி 3 முரசொலியைச் சொல்வேன். மூன்று நாள் முன்னால்தான் ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. நெருக்கடி நிலைக் காலம், மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் யார் யாரைப் பிடித்தார்கள் என்று அச்சிடத் தணிக்கை விடாது. அதனால் அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று போட்டு, கைதானவர்களின் பெயர்ப்பட்டியலைக் கலைஞர் வெளியிட்டார். படித்தவர்களுக்குப் புரிந்தது. அப்போது உள்ளே இருந்தவர்களில் ஸ்டாலினும் ஒருவர், சிறையில் அடி வாங்கினார், கூட இருந்த சிட்டிபாபு அந்த அடியால் உயிரையே விட்டார். அந்தத் தாளின் மடிப்பு நாலாக உடைந்திருந்தது. அதைப் பொருத்தி எடுப்பதற்கே அந்தப் பெண் ஒரு மத்தியானம் முழுக்கச் செலவழித்தாள். அடியில் கறுப்பு அட்டை வைத்து, நாலு துண்டையும் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளாமல் ஒரு மயிரிழை இடைவெளி விட்டு வைத்து எடுத்திருக்கிறாள். வாசிக்க முடிகிறது, ஒரு பெயர்கூடப் போகவில்லை.

ஸ்டாலின் என்ற தலைப்பில் அவள் சேர்த்தவை 1980க்கு அப்புறம்தான் அதிகம், மதுரை ஜான்சிராணிப் பூங்காவில் இளைஞரணி தொடங்கிய பிறகு. கோபாலபுரத்தில் ஒரு முடிதிருத்தும் கடையில் பையன்களைச் சேர்த்து மன்றம் நடத்திய காலம் தொட்டால் அவருடைய கட்சி வாழ்க்கை அரை நூற்றாண்டு தாண்டியது. 1984இல் ஆயிரம்விளக்கில் தோற்றார், 89இல் ஜெயித்தார், 96இல் சென்னை மேயர், 2009இல் துணை முதல்வர், கட்சித் தலைவராக ஆகும்போது வயது 65. காத்திருந்தார், அலைந்தார், மறுக்க மாட்டேன். ஆனால் இளைஞரணி செய்தி வந்த ஒரு பக்கத்தில் தாத்தா எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "பையன் உழைக்கிறான். மற்ற பையன்களும் உழைக்கிறார்கள்."

எனக்கும் இதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. 1993இல் வைகோ நீக்கப்பட்டபோது எங்கள் கிளையில் 41 பேர் 23 ஆனார்கள் என்று தையல் நோட்டில் கணக்கு இருக்கிறது. போனவர்களில் பலர் ஊரில் முதலில் எழுந்து போஸ்டர் ஒட்டியவர்கள். அடுத்து யார் என்ற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே ஒரு வீட்டில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கிளையில் இருக்கிறவன் எதற்காகப் படிப்பான், எதற்காகப் பேசிப் பழகுவான்? மேலே வரக் கலைஞருக்கு 1949லிருந்து 69 வரை இருபது வருடம், ஸ்டாலினுக்கு அதைப்போல இரண்டு மடங்கு, உதயநிதி 2019இல் இளைஞரணிச் செயலாளர், 2024இல் துணை முதல்வர், ஐந்தே வருடம். அப்பா இதை ஒத்துக்கொள்ள மாட்டார். 2021இல் 133 இடத்தை ஜனங்கள்தானே கொடுத்தார்கள், ஓட்டுப் போட்டவனைவிட உனக்குத் தெரியுமா என்பார். கடையில் வைத்தே எங்களுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது. கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து, "ரெண்டு பேரும் சொல்றத ரெண்டு காலமா போட்டுடலாம்மா" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அட்டவணையில் 'குறிப்பு' என்று இரண்டு பத்தி இருக்கிறது, ஒன்று அப்பா சொன்னது, ஒன்று நான் சொன்னது.

திருத்திய அட்டவணையில் இப்போது 'இதர' இல்லை. ஐவருக்கும் தனித்தனித் தலைப்பு. 'கிளை' என்று புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறாள், தாத்தாவின் ஓரக் குறிப்புகள் எல்லாம் அதில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கின்றன. அதில் மட்டும் 312 வரி. டீக்கடைக்காரர், சலவைக்கார மாமா, மாநாட்டுக்கு வேன் பிடிக்க வளையலை அடகு வைத்த ஒரு அத்தை, எல்லோரும் பக்க எண்ணோடு இருக்கிறார்கள்.

பைண்டிங் பற்றி ஒரு வார்த்தை. காலிகோ நன்றாக இருக்கிறது, முதுகில் கறுப்பு சிவப்புப் பட்டை போட்டிருக்கிறார்கள், நான் கேட்கவில்லை, அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டாவது தொகுதியில் நூல் கொஞ்சம் இறுக்கமாகத் தைத்துவிட்டதால் உள்பக்க வரிகள் மடிப்புக்குள் போகின்றன. ரொம்ப நொறுங்கிய தாள்களைப் பைண்ட் செய்யாதீர்கள், தனித்தனிக் கவரில் போட்டுத் தட்டையான பெட்டியில் வையுங்கள் என்று அவர்களே சொன்னார்கள், கேட்டுக்கொண்டது நல்லதாகப் போயிற்று. பென் டிரைவ் ஒன்றை நம்ப வேண்டாம், இரண்டாகக் கேளுங்கள், 300 ரூபாய்தான் கூடுதல்.

சித்தப்பா பென் டிரைவை வாங்கிக்கொண்டு போய்த் தன் பேத்திக்கு, தனக்கு ஏன் அந்தப் பெயர் என்று காட்டினாராம். இரண்டு நாள் கழித்து அப்பாயியின் அண்ணன் வீட்டிலிருந்து போன். அவர்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கிறதாம், 1972க்குப் பிறகான அதிமுக நோட்டீஸ், ரசீது எல்லாம். தை முடிந்ததும் அதையும் இதே கடைக்குத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். ஓரத்தை வெட்டக் கூடாது என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.